ஒரு மணி வெயிலும் மூன்று கோப்பைக் காப்பியும்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, ஒரு மணிக்கு வருகிறது. சிங்கப்பூர் கிட்டத்தட்ட 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. சூரியக் கணக்குப்படி அதன் கடிகாரம் கிரீன்விச்சைவிட ஏழு மணி நேரம் முன்னால் ஓடினால் போதும். ஆனால் 1982 ஜனவரி 1 முதல் எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால்தான் மதியச் சாப்பாடு முடிந்து கட்டுமானத் தளத்துக்கும் புல்வெட்டும் வேலைக்கும் ஆட்கள் திரும்புகிற நேரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகைகூட இல்லாத ஊர் இது. மார்ச் நான்காம் வாரத்திலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் அந்த நேரத்தில் நட்டு வைத்த கம்பின் நிழல் கம்பின் காலடியிலேயே ஒடுங்கிவிடும்.

கதிர் நேராக இறங்கினால் அது காற்று மண்டலத்தில் கடக்கும் தூரம் குறைவு. போதாததற்கு, வெப்பமண்டலத்துக்கு மேலே இருக்கும் ஓசோன் படலம் ஐரோப்பாவின் தலைக்கு மேல் இருப்பதைவிட மெலிந்தது. புற ஊதாக் கதிரைத் தடுக்க வேண்டிய இரண்டு வேலிகளும் இங்கே தாழ்வாக இருக்கின்றன. தேசியச் சுற்றுப்புற வாரியம் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மணிக்கொரு முறை புற ஊதாக் குறியீட்டை வெளியிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 8 முதல் 10 வரை ‘மிக அதிகம்’, 11உம் அதற்கு மேலும் ‘உச்சம்’. சிங்கப்பூரில் மேகமில்லாத நண்பகல்கள் ‘மிக அதிகம்’ என்ற கட்டத்தைச் சாதாரணமாகத் தொடுகின்றன, சில நாட்களில் 11ஐயும் தாண்டுகின்றன.

இந்தக் கதிர் நமக்குச் சுடுவதில்லை என்பதுதான் பெரிய சங்கடம். வெயிலில் நாம் உணர்கிற சூடு வேறு கதிர்களிலிருந்து வருகிறது. காற்று வீசி, மெல்லிய மேகம் படர்ந்து, உடம்புக்கு இதமாக இருக்கும் மதியத்திலும் புற ஊதாக் கதிர் பெருமளவு இறங்கிக்கொண்டுதான் இருக்கும். வியர்க்கவில்லை என்பதற்காகத் தோல் தப்பித்தது என்று பொருளில்லை.

இந்தக் கதிரால் கெட்டுப்போகும் தோலுக்கு, அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே காப்பிக்கடையில் விற்கும் கறுப்புப் பானம் ஏதாவது செய்யுமா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு விடை தேடிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று சிங்கப்பூரிலேயே நடந்தது.

1993 முதல் 1998 வரை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வசித்த 45 முதல் 74 வயது வரையிலான 63,257 சீனர்களிடம் ஒரு பெரிய ஆய்வுக் குழு நேரில் சென்று பேசியது. என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள், புகைபிடிக்கிறார்களா என்றெல்லாம் கேட்டுப் பதிவு செய்தது. சிங்கப்பூர்ச் சீனர் சுகாதார ஆய்வு என்பது அதன் பெயர். அதன்பின் ஆண்டுக்கணக்காக அவர்களில் யாருக்கு என்ன நோய் வருகிறது என்று தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் வழியே கவனித்து வந்தார்கள். அந்தத் தரவுகளைக் கொண்டு தோல் மருத்துவர் ஓ சூன் சியட், தொற்றுநோயியல் அறிஞர் கோ வூன் புவே ஆகியோர் அடங்கிய குழு 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. காப்பி, தேநீர், காஃபீன் இவற்றுக்கும் மெலனோமா (நிறமி செல்களில் தோன்றும் புற்றுநோய்) அல்லாத தோல் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி.

உண்டு என்றது தரவு. வாரத்துக்கு ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால், தினம் மூன்று கோப்பையோ அதற்கு மேலோ காப்பி குடித்தவர்களுக்கு இவ்வகையில் ஒன்றான அடிச்செல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 46 சதவிகிதம் குறைவாக இருந்தது. இன்னொன்றான செதிள்செல் புற்றுநோய்க்கு 67 சதவிகிதம் குறைவு. பால் டீக்கும் கறுப்பு டீக்கும் பயன்படும் சாதாரணத் தேயிலையில் போட்ட தேநீரைத் தினமும் குடித்தவர்களுக்கும் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் வாய்ப்பு 30 சதவிகிதம் குறைந்திருந்தது. உடல்நலப் பட்டியல்களில் முதலிடம் பிடிக்கும் பச்சைத் தேநீருக்கு அப்படி ஒரு தொடர்பும் தென்படவில்லை. காஃபீன் அளவு கூடக்கூட நோய் வாய்ப்பு படிப்படியாக இறங்கியது.

இந்த எண்களை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. 67 சதவிகிதம் என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நீண்ட ஐயவெளி இருக்கிறது. ஒப்பீட்டு வாய்ப்பு 0.33 என்று கணக்கிட்டவர்கள், உண்மையான மதிப்பு 0.13க்கும் 0.84க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது குறைவு 16 சதவிகிதமாகவும் இருக்கலாம், 87 சதவிகிதமாகவும் இருக்கலாம். நோய் வந்தவர்கள் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது இப்படித்தான் ஆகும். திசை தெரிகிறது, தூரம் தெரியவில்லை. காப்பி குடிப்பவரும் குடிக்காதவரும் வேறு பல பழக்கங்களிலும் வேறுபடுவார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவற்றைக் கணக்கில் கழிக்க முயன்றாலும் முழுவதும் கழித்துவிட முடியாது.

ஆனாலும் இதை ஒதுக்கித் தள்ள முடியாததற்குக் காரணம் இருக்கிறது. உலகின் மறுகோடியில், வேறு நிறத் தோலில், வேறு வகைக் காப்பி குடிக்கும் மக்களிடமும் இதே திசை தெரிந்திருக்கிறது. அமெரிக்கச் செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள் என 1,12,897 பேரின் தரவைப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வில், காஃபீன் உள்ள காப்பியை நிறையக் குடித்தவர்களுக்கு அடிச்செல் புற்றுநோய் குறைவாக வந்தது. காஃபீன் நீக்கிய காப்பி குடித்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. காப்பியில் நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டு. அவற்றில் காஃபீனை நோக்கி விரல் நீட்டியது இந்த வேறுபாடுதான்.

அந்த விரல் அதற்கு முன்பே வேறொரு பக்கத்திலிருந்தும் நீண்டிருந்தது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் கானி என்ற அறிஞரின் குழு, தேநீர் குடித்த எலிகளுக்குப் புற ஊதாக் கதிரால் வரும் தோல் கட்டிகள் குறைவதை 1990களில் கவனித்தது. எல்லோரும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைத்தான் பாராட்டிக்கொண்டிருந்த காலம் அது. காஃபீனை நீக்கிய தேநீரைக் கொடுத்தபோது பலன் வெகுவாகக் குறைந்தது. நீக்கிய காஃபீனை மறுபடி சேர்த்தபோது பலன் திரும்பியது.

2002இல் அவர்கள் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. முடியில்லாத எலிகள் மீது வாரம் இரு முறை, 20 வாரங்கள் புற ஊதாக் கதிரில் ஒரு வகையான புற ஊதா-பி கதிரைப் பாய்ச்சினார்கள். பிறகு கதிரை நிறுத்திவிட்டார்கள். கட்டி இன்னும் வரவில்லை, ஆனால் வரப்போகிறது என்ற நிலை. அப்போதிருந்து 18 வாரங்கள் தோலின் மேல் காஃபீனைத் தடவினார்கள். புற்றல்லாத கட்டிகள் 44 சதவிகிதமும் புற்றுக்கட்டிகள் 72 சதவிகிதமும் குறைந்தன. வெயில் பட்ட பிறகு, கெடுதல் நடந்து முடிந்த பிறகு தடவிய பொருள் இது. சூரியத் தடுப்புக் களிம்பு கதிரை வாசலிலேயே மறிக்கிறது. காஃபீன் வீட்டுக்குள் ஏதோ செய்கிறது என்று அப்போதுதான் தெளிவானது.

என்ன செய்கிறது? இந்தக் கதையில் என்னை அதிகம் வியக்கவைக்கும் இடம் இதுதான்.

புற ஊதா-பி கதிர் மேல்தோல் செல்லின் டிஎன்ஏவில் மோதும்போது, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பெரும்பாலும் தைமீன் என்ற எழுத்தின் இரண்டு பிரதிகள். ஒட்டிய இடத்தில் டிஎன்ஏ இழை சற்றே வளைகிறது. செல் பிரிவதற்காக இழையைப் படியெடுக்கும் இயந்திரம் அங்கே வந்து தடுமாறி நிற்கிறது. பிழையோடு படியெடுத்துவிட்டால் அந்தப் பிழை மகள் செல்களுக்கும் அவற்றின் வாரிசுகளுக்கும் போகும். அப்படிப் போகவிடாமல் தடுக்கவே செல்லுக்குள் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. ஏடிஆர் என்ற புரதம் தடுமாற்றத்தைக் கண்டு, செக்-1 என்ற இன்னொரு புரதத்தை எழுப்புகிறது. செக்-1 செல் பிரிவை நிறுத்தி வைக்கிறது. கிடைக்கும் அவகாசத்தில் பழுதுபார்க்கும் புரதங்கள் வந்து, ஒட்டிய பகுதியை வெட்டி எடுத்து, புதிய எழுத்துகளை நிரப்புகின்றன. இந்த வெட்டி ஒட்டும் வேலையை விளக்கியதற்காக அஸீஸ் சன்ஜார் 2015ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காஃபீன் போய்ப் படிவது ஏடிஆரின் மேல். காவலரின் கையைக் கட்டிவிடுகிறது. கேட்டதும் அச்சமாக இருக்கிறது அல்லவா? பழுதுபார்க்க அவகாசம் வாங்கித் தரும் புரதத்தை முடக்கினால் புற்றுநோய் கூடத்தானே வேண்டும்? ஆய்வாளர்களுக்கும் இந்தக் கேள்வி இருந்தது.

விடை இப்படி. இலேசாக அடிபட்ட செல்லுக்கு அந்த அவகாசம் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. மோசமாக அடிபட்ட செல்தான் அதை நம்பிப் பிழைத்துக் கிடக்கிறது. முழுவதும் சரியாகாமல், முழுவதும் சாகாமல், பிழைகளைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் தோலில் உட்கார்ந்திருக்கும் செல்கள் அவை. நாளைய புற்றுக்கட்டியின் விதை அவற்றில்தான் இருக்கிறது. ஏடிஆர் இல்லாதபோது அப்படிப்பட்ட செல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பாதி படியெடுத்த டிஎன்ஏவோடு பிரியத் தொடங்குகிறது. அந்த முயற்சியில் தாங்காமல் தன்னை முடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல செல்கள் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. மேல்தோல் எப்படியும் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திசுதான். சில செல்களை இழப்பது அதற்குப் பாரமில்லை. காஃபீன் தோலைப் பழுதுபார்ப்பதில்லை. பழுதுபார்க்க முடியாதவற்றை வெளியேற்றுகிறது.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பால் நியம் குழுவினர் 2009இல் மனிதத் தோல் செல்களிலேயே இந்தப் பாதையைக் காட்டினார்கள். 2011இல் அவர்களும் கானியின் குழுவும் சேர்ந்து, காஃபீனே கொடுக்காமல், தோலில் ஏடிஆரின் வேலையை மரபணு மாற்றத்தால் குறைத்த எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். காஃபீன் குடித்த எலிகளைப் போலவே அவற்றுக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. கதிர் பாய்ச்சத் தொடங்கி 19 வாரங்கள் ஆனபோது, அந்த மாற்றம் இல்லாத எலிகளைவிட 69 சதவிகிதம் குறைவான கட்டிகள். ஆனால் கதிரை நிறுத்தாமல் தொடர்ந்தபோது, 34 வாரங்களில் அந்த எலிகளுக்கும் ஒரு கட்டியாவது வந்துவிட்டது. உள்ளிருக்கும் இந்தக் காவலுக்கு எல்லை உண்டு. ஓயாத வெயிலை எதுவும் வென்றுவிடாது.

காஃபீனுக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. அது தானே புற ஊதா-பி கதிரைக் கொஞ்சம் உறிஞ்சும். வெயிலால் தோலில் பெருகும் வினைமிகு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளின் தாக்குதலிலிருந்து செல்களைக் காப்பதற்கும், அவை முதுமை எய்துவதைத் தள்ளிப்போடுவதற்கும் உதவுகிறது என்று 2018இல் வந்த சோதனைக்கூட ஆய்வு ஒன்று காட்டியது. செல் தன் குப்பையைத் தானே தின்று தீர்க்கும் வழியை அது முடுக்கிவிடுகிறதாம். மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் தோலைக் கடந்து உள்ளே செல்வதும் எளிது. எந்தப் பொருள் தோலுக்குள் எவ்வளவு ஊடுருவும் என்று அளக்கும் ஆய்வுக்கூடங்களில் ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் பொருள்களில் காஃபீனும் ஒன்று.

இத்தனையும் சொன்னபின், மனதில் இடறும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சோதனைக்குழாய்க்குள் ஏடிஆரை அடக்கத் தேவைப்பட்ட காஃபீன் அளவு, காப்பி குடிப்பவரின் இரத்தத்தில் ஓடும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். தோலில் நேரடியாகத் தடவினால் அந்த அளவை நெருங்கலாம், குடித்து நெருங்குவது கடினம். ஆகவே சிங்கப்பூர்ச் சீனர்களிடம் தெரிந்த பலன் முழுவதும் ஏடிஆர் வழியாகத்தான் வந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பலன் இருப்பதற்கான சான்று ஒரு பக்கம், அது நடக்கும் வழிக்கான சான்று இன்னொரு பக்கம். இரண்டும் கைகோத்துவிட்டன என்று சொல்ல இன்னும் வேலை இருக்கிறது.

இன்னொன்று, சிங்கப்பூர் ஆய்வில் மிகக் குறைந்த நோய் வாய்ப்பு தெரிந்தது நாளொன்றுக்கு 400 மில்லிகிராமும் அதற்கு மேலும் காஃபீன் எடுத்தவர்களிடம். ஆரோக்கியமான பெரியவருக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வகுத்திருக்கும் மேல் எல்லையும் அதே 400தான். கர்ப்பிணிகளுக்கு 200. இங்கே காப்பிக்கடைகளில் வழக்கமாகப் பயன்படுவது ரொபஸ்டா கொட்டை. ஊரில் ஃபில்டரில் இறக்கும் அராபிகாவைப் போல அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் இருக்கும். ஆகவே தோலுக்காக என்று சொல்லிக் கோப்பைகளைக் கூட்ட வேண்டாம். படபடப்பு, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர் கெட்டிப்பால் சேர்த்துக் கோப்பை கோப்பையாகக் குடித்தால் தோலுக்கு வந்ததைவிட உடம்புக்குப் போனது அதிகமாகிவிடும். குடிப்பதாக இருந்தால் கோப்பி-ஓ கோசோங் கேளுங்கள், சர்க்கரையும் பாலும் இருக்காது.

காப்பித்தூளைத் தயிரிலும் தேனிலும் குழைத்து முகத்தில் தேய்க்கும் குறிப்புகள் தமிழ்ப் பத்திரிகைகளிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் நிறைய வருகின்றன. எலிகள் மேல் தடவியது கரைத்த தூய காஃபீன், காப்பிச் சக்கை இல்லை. வெயிலில் கன்றிப்போன தோலில் சொரசொரப்பான தூளைத் தேய்ப்பது புண்ணின் மேல் கீறுவதுதான். தயவுசெய்து செய்யாதீர்கள். காஃபீன் கலந்த களிம்புகள் கண்ணுக்குக் கீழே வீக்கத்தைச் சற்று வடிய வைக்கலாம். ஆனால் தோல் புற்றுநோயைத் தடுக்கும் மருந்தாக எந்தக் காஃபீன் களிம்பும் ஏற்கப்படவில்லை.

‘இதெல்லாம் வெள்ளைத் தோலுக்கும் சீனர் தோலுக்கும் வரும் சிக்கல், நமக்கென்ன’ என்று தமிழர் நினைப்பதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1968 முதல் நடந்துவரும் சிங்கப்பூர்ப் பதிவுகளில் தோல் புற்றுநோய் சீனரிடம் அதிகம், மலாய்க்காரரிடமும் இந்தியரிடமும் குறைவு. நம் மெலனின் நல்ல குடை. 1979இல் அமெரிக்காவில் அளந்தபோது, கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் இயல்பான பாதுகாப்பு 13.4 என்றும், வெள்ளையரின் மேல்தோல் தருவது 3.4 என்றும் வந்தது. தமிழர் தோல் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில், பல படிகளில் நிற்கிறது.

ஆனால் குடைக்கும் ஓட்டை உண்டு. புற ஊதா-ஏ கதிர் ஆழமாக இறங்கி, தோலை விறைப்பாக வைத்திருக்கும் நார்களைச் சிதைக்கிறது, மங்கும் திட்டும் நம் நிறத்தில்தான் நீங்காமல் தங்குகின்றன. 2015இல் யேல் பல்கலைக்கழகக் குழு ஒன்று இன்னும் வியப்பான செய்தியைச் சொன்னது. கதிர் நின்று மூன்று மணி நேரத்துக்கு மேலாகியும், நிறமி செல்களின் டிஎன்ஏவில் முன்பு சொன்ன அதே ஒட்டுகள் புதிதாக உண்டாகிக்கொண்டிருந்தன. வெளிச்சத்தில் வாங்கிய ஆற்றலை மெலனினின் சிதைந்த துண்டுகள் இருட்டில் டிஎன்ஏவுக்குக் கைமாற்றுகின்றன. காக்கும் நிறமிக்கே இப்படி ஒரு மறுபக்கம் இருக்கிறது. ஆறு மணிக்கு வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் லாரியில் உட்கார்ந்திருப்பவரின் தோலில் அன்றைய வெயில் இன்னும் முடியவில்லை.

அந்த லாரியில் இருப்பவரை இந்த ஆய்வுகள் எதுவும் கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்கு வருத்தம். 63,257 பேர் கொண்ட அந்தப் பெரும் ஆய்வு சீனர்களில் ஹாக்கியன், கன்டோனீஸ் பிரிவினரை மட்டும் எடுத்துக்கொண்டது. அது அதன் குற்றமில்லை, அதன் நோக்கம் அது. உட்லண்ட்ஸின் தொழிற்பேட்டைகளை ஒட்டிய விடுதிகளில் தங்கி, பத்து ஆண்டுகள் உச்சி வெயிலில் கம்பி கட்டிவிட்டு ஊர் திரும்பும் தமிழரின் தோலுக்கு என்ன ஆகிறது என்று அவருடைய அறுபதாவது வயதில் பார்க்க இங்கே யாரும் இருக்கப்போவதில்லை. மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெப்ப விதிகளை இறுக்கியது நல்ல செயல். ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 32 பாகையைத் தொட்டால் கடின வேலை செய்வோருக்கு மணிக்குப் பத்து நிமிடமும், 33ஐத் தொட்டால் பதினைந்து நிமிடமும் ஓய்வு தர வேண்டும். ஆனால் அது உடம்புச் சூட்டுக்கான விதி. சூடு குறைவாகவும் புற ஊதாக் குறியீடு அதிகமாகவும் இருக்கும் மதியத்தை அது காணாது. அந்த ஓய்வு உண்மையிலேயே நிழலில் கிடைக்கச் செய்வதும், கூரையில்லாத வேலையைப் பத்து மணிக்கு முன்பும் நான்கு மணிக்குப் பின்பும் நகர்த்துவதும் முதலாளிகளின் கையில் இருக்கிறது. இரண்டுக்கும் ஆய்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

படிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு மணிக்கு வெளியே போவதாக இருந்தால் குறியீட்டைக் கைப்பேசியில் பாருங்கள், முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் அணியுங்கள். முகத்திலோ காதிலோ புறங்கையிலோ ஒரு மாதமாகியும் ஆறாத புண், இரத்தம் கசியும் முத்துப் போன்ற சிறு மேடு, வளரும் செதிள் திட்டு இருந்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். உள்ளங்காலையும் நகக்கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா வரும்போது பெரும்பாலும் வெயில் படாத அந்த இடங்களில்தான் வருகிறது, அதைத் தடுப்பதில் காப்பிக்குப் பங்கிருப்பதாக எந்தச் சான்றும் இல்லை.